உலை அணைந்த பிறகு

2011 செப்டம்பர். ராதாபுரம் வட்டாரத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்னால் பந்தல் போட்டு உண்ணாவிரதம் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. என் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். ஆறேழு பிள்ளைகளின் அப்பாவோ அம்மாவோ அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். நாலைந்து பிள்ளைகளின் அப்பாமார் அதே அணுமின் நிலையத்தில் காண்டிராக்ட் வேலைக்குப் போய்வந்தார்கள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்ததால் அந்த ஆண்டு அணுக்கரு இயற்பியலை வழக்கத்தைவிட முன்னதாகவே எடுத்தேன். ஆல்பா, பீட்டா, காமா முடிந்தது. அரை ஆயுட்காலம் முடிந்தது. அணுக்கருப் பிளவும் சங்கிலித் தொடர் வினையும் முடிந்தன. கரும்பலகையை அழிக்கத் திரும்பியபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். மீன்பிடிக் குடும்பத்துப் பையன். அதிகம் பேசமாட்டான்.

"சார், ஃபுக்குஷிமாவுல நெலநடுக்கம் வந்த ஒடனே உலைய நிறுத்திட்டாவன்னுதான பேப்பர்ல போட்டிருக்கான். நிறுத்துன உலை எப்பிடி சார் உருகும்?"

குளிர்விக்கும் தண்ணீர் நின்றுபோனது, அதனால் உருகியது என்றேன்.

"அதான் நிறுத்தியாச்சுல்லா சார். பெறவு எதுக்குச் சூடாவுது?"

மணி அடித்துவிட்டது. அவன் கேட்டதற்கு விடை எனக்குத் தெரியும். ஆனால் நான் அந்த மூன்று வாரமாக நடத்திய பாடத்தில் அந்த விடை இல்லை. அதை அந்த நிமிடத்தில்தான் உணர்ந்தேன். கதிரியக்கச் சிதைவை ஓர் அலமாரியிலும் பிளவை இன்னோர் அலமாரியிலும் வைத்துப் பூட்டிக் கொடுத்திருந்தேன். இரண்டுக்கும் நடுவிலிருந்த கதவைத் திறந்துவிட்டவன் அந்தப் பையன்.

இருபத்தொன்பது ஆண்டு வினாத்தாள்களைப் பார்த்தவன் நான். 'ஆல்பா, பீட்டா, காமா கதிர்களின் பண்புகளை எழுதுக' என்று வரும். 'அணுக்கருப் பிளவு என்றால் என்ன? எடுத்துக்காட்டுடன் விளக்குக' என்று வரும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று என்ன உறவு என்று கேட்ட வினா ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. கூடங்குளத்தைப் பற்றி இந்த மாவட்டத்தில் இத்தனை ஆண்டுகளாக நடந்த வாதங்களில் பாதி, இந்த உறவு தெரியாததால் நடந்த வாதங்கள் என்பது என் கருத்து. ஆதரித்தவர்களும் தெரியாமல் ஆதரித்தார்கள், எதிர்த்தவர்களும் தெரியாமல் எதிர்த்தார்கள். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டிய எங்களைப் போன்றவர்கள் மதிப்பெண் வராத பகுதி என்று தாண்டிப் போனோம்.

மறுநாள் முதல் பாடவேளையில் அந்தப் பையனுக்காகத் திரும்பவும் தொடங்கினேன். அன்று சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

யுரேனியம்-235 கருவுக்குள் 92 புரோட்டான்களும் 143 நியூட்ரான்களும் இருக்கின்றன. புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளுகிறவை. அத்தனை தள்ளலையும் தாங்கி ஒட்டிக்கொண்டிருக்க, மின்னூட்டம் இல்லாத நியூட்ரான்கள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன. ஒரு புரோட்டானுக்கு ஒன்றரைக்கும் மேல். எடை குறைந்த கருக்களுக்கு அவ்வளவு வேண்டாம். வெளியிலிருந்து ஒரு நியூட்ரான் வந்து சேர்ந்து இந்தப் பெரிய கரு இரண்டாகப் பிளக்கும்போது என்ன ஆகும்? பேரியம்-141 ஒரு பக்கமும் கிரிப்டான்-92 மறுபக்கமும் போய், மூன்று நியூட்ரான்கள் தெறிப்பதாக வைத்துக்கொள்வோம். பல விதமாகப் பிளக்கலாம், இது அவற்றில் ஒன்று. அந்தக் கிரிப்டானுக்குள் இப்போது 36 புரோட்டான்களும் 56 நியூட்ரான்களும் இருக்கின்றன. சாதாரணமாக நம் காற்றில் இருக்கும் கிரிப்டானுக்கு 48 நியூட்ரான்கள் போதும். பெரிய குடும்பம் பாகம் பிரிந்து சின்ன வீட்டுக்குக் குடிபோகும்போது, நூறு பேருக்குச் சமைத்த அண்டாவையும் குண்டாவையும் கையோடு தூக்கிக்கொண்டு போன மாதிரிதான்.

அந்தப் பாத்திரங்களை என்ன செய்வது? வெளியே தூக்கிப் போடுவது லேசில் முடியாது. உள்ளேயே ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிறது. மாறும்போது ஓர் எலெக்ட்ரானை வெளியே விடுகிறது. இதுதான் பீட்டாச் சிதைவு. மாறிய பிறகும் படபடப்பு அடங்காத கரு, மிச்ச ஆற்றலைக் காமாக் கதிராக விட்டுவிட்டு அமர்கிறது. ஒருமுறை மாறினால் போதாது. கிரிப்டான்-92 இரண்டு நொடிக்குள் பாதி ருபீடியமாகிவிடும். ருபீடியம் நாலரை நொடியில் பாதி ஸ்ட்ரான்சியமாகும். அந்த ஸ்ட்ரான்சியம்-92க்கு அரை ஆயுட்காலம் 2.7 மணி நேரம். பிறகு இட்ரியம், மூன்றரை மணி நேரம். கடைசியில் சிர்க்கோனியம்-92. அங்கே நிற்கும். பேரியம்-141 பக்கம் பார்த்தால், 18 நிமிடத்தில் பாதி லாந்தனமாகும். நாலு மணி நேரத்தில் அதில் பாதி சீரியமாகும். சீரியம்-141 முப்பத்திரண்டு நாள் எடுத்துக்கொண்டு பிரசியோடிமியமாகும். அதோடு அந்த வம்சமும் நிலைகொள்ளும்.

இந்தப் பெயர்களை அன்று கரும்பலகையில் ஏணிபோல எழுதிக்கொண்டே வந்தபோது எனக்கே ஒன்று உறைத்தது. லாந்தனம், சீரியம், பிரசியோடிமியம் மூன்றும் மணவாளக்குறிச்சி மணலிலிருந்து பிரித்தெடுக்கும் மோனசைட்டில் உள்ள அருமண் தனிமங்கள். சிர்க்கோனியம் அதே கடற்கரையில் கிடைக்கும் சிர்க்கான் மணலில் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் ஓடி விளையாடும் மணலில் அமைதியாகக் கிடக்கும் தனிமங்களைத் தேடித்தான், உலைக்குள் பிளந்த யுரேனியத் துண்டுகள் படி இறங்கி இறங்கி வந்து சேர்கின்றன. இருபது ஆண்டுக்கு மேல் பாடம் நடத்தியவனுக்கு அன்றுதான் அது கண்ணில் பட்டது. பிள்ளைகளிடம் சொன்னேன். முன்வரிசையில் ஒருத்தி, "சார், எங்க ஊரு மணலா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

இனி அவன் கேள்விக்கு வருகிறேன். ஒரு யுரேனியக் கரு பிளந்தால் 200 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டிய ஆற்றல் கிடைக்கிறது. ஆல்பாச் சிதைவில் கிடைப்பது நாலைந்து மில்லியன்தான். அந்த 200இல் பெரும்பங்கு பிளந்த கணத்திலேயே வெப்பமாகிவிடுகிறது. ஆறேழு சதவீதம் மட்டும் உடனே வராது. நான் மேலே சொன்ன ஏணியில் துண்டுகள் இறங்கும்போது, பீட்டாவாகவும் காமாவாகவும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். கட்டுப்படுத்தும் தண்டுகளை உள்ளே இறக்கினால் நியூட்ரான்களை அவை விழுங்கும். சில நொடிகளில் பிளவு நின்றுவிடும். ஏற்கெனவே பிளந்துபோன துண்டுகளுக்கு அந்தத் தண்டு ஒரு பொருட்டே அல்ல. அவை தம் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருக்கும். சூட்டாலோ குளிராலோ அழுத்தத்தாலோ அந்த வேகத்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. பிளவு மனிதன் போட்டு மனிதன் அணைக்கிற விளக்கு. சிதைவுக்குச் சுவிட்சு கிடையாது.

எங்கள் அம்மா சோறு பொங்கும்போது விறகை வெளியே இழுத்துவிட்டு, கங்கில் மட்டும் பானையை விட்டுவைப்பார். உலை அதன்பிறகும் கொதித்துக்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்கு அதைச் சொன்னேன். உடனே ஒரு திருத்தமும் சொன்னேன். கங்கைத் தண்ணீர் தெளித்து அணைத்துவிடலாம். இந்தக் கங்கை அணைக்க முடியாது. தண்ணீர் ஊற்றி அதன் சூட்டை எடுத்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவுதான்.

கூடங்குளத்து உலை ஒன்று 1000 மெகாவாட் மின்சாரம் தருவதற்கு உள்ளே 3000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. முழு வீச்சில் ஓடிக்கொண்டிருக்கும் உலையைச் சட்டென்று நிறுத்தினால், நிறுத்திய நொடியில் சிதைவு வெப்பம் மட்டும் ஏறத்தாழ 200 மெகாவாட் இருக்கும். ஒரு மணி நேரத்தில் அது முழு வெப்பத்தில் ஒன்று, ஒன்றரை சதவீதமாக இறங்கும். ஒரு நாள் கழித்தும் அரை சதவீதத்துக்குச் சற்றே குறைவாக, அதாவது 14 மெகாவாட்டை ஒட்டி இருக்கும். அந்த 14 மெகாவாட்டைத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே அகற்றுவதென்றால், மணிக்கு 20 டன்னை ஒட்டிய தண்ணீர் ஆவியாகும். குடிதண்ணீருக்கு எங்கள் ஊர்களில் ஓடும் 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் கணக்கிட்டால் மணிக்கு ஒன்றரை லாரிக்கு மேல். மெழுகுவர்த்தி போல அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற காரியம் இல்லை.

ஃபுக்குஷிமாவில் 2011 மார்ச் 11 அன்று நடந்தது இதுதான். ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் நிலநடுக்கத்தோடு தாமாகவே நின்றன. பிளவு நின்றது. ஒரு மணி நேரத்துக்குள் வந்த கடல் அலை டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. பம்புக்கு மின்சாரம் இல்லை. துண்டுகளின் சிதைவு நிற்கவில்லை. தண்ணீர் வற்றி, எரிபொருள் உறையாக இருந்த சிர்க்கோனியம் நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை உண்டாக்கியது. வெடித்தது அந்த ஹைட்ரஜன். தொலைக்காட்சியில் கூரை பறந்ததைப் பார்த்துவிட்டு அணுகுண்டு வெடித்தது என்று எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பேசினார்கள். உலையில் இருக்கும் யுரேனியத்தில் பிளவுக்கு உதவும் 235 வகை ஐந்து சதவீதத்துக்குள்தான். அது அணுகுண்டாக வெடிக்க வழியில்லை. ஆனால், "நிறுத்திவிட்டால் ஆபத்தில்லை" என்று உலையை ஆதரித்தவர்கள் சொன்னார்களே, அதுவும் அதே அளவு தவறு. அபாயம் தொடங்கியதே நிறுத்திய பிறகுதான்.

2004 டிசம்பர் 26ஐ நாம் மறந்திருக்க முடியாது. அன்று கல்பாக்கத்தில் இரண்டாவது அலகு ஓடிக்கொண்டிருந்தது. சுனாமி வந்து கடல்நீர்ப் பம்ப் அறைக்குள் தண்ணீர் புகுந்ததும் உலையை நிறுத்தினார்கள். அங்கே சிதைவு வெப்பத்தை அகற்றும் ஏற்பாடு தொடர்ந்து இயங்கியது. ஊழியர் குடியிருப்பிலும் சுற்றியிருந்த குப்பங்களிலும் மனிதர்களைக் கடல் கொண்டுபோன அதே நாளில், உலைக்கு எதுவும் ஆகவில்லை. கல்பாக்கத்துக்கும் ஃபுக்குஷிமாவுக்கும் நடுவே இருந்த வேறுபாடு பிளவை நிறுத்துவதில் இல்லை. இரண்டு இடத்திலும் அது ஒழுங்காக நின்றது. நின்ற பிறகு தண்ணீர் ஓடியதா என்பதில்தான் எல்லாமே இருந்தது. கூடங்குளத்தில் மின்சாரமே இல்லாமல் போனாலும் காற்றோட்டத்தால் இந்த வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடு இருக்கிறது. நல்ல ஏற்பாடு. அது எதற்காக இருக்கிறது என்பதை எங்கள் மக்களுக்கு அவர்கள் பேசும் தமிழில் யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால், அந்தப் பந்தலில் பேச்சு வேறு தரத்தில் நடந்திருக்கும். "எத்தனை மணி நேரம் தாங்கும்? ஆண்டுக்கு எத்தனை முறை சோதிக்கிறீர்கள்? சோதித்த அறிக்கையை ஊராட்சியில் ஒட்டுவீர்களா?" என்று எங்கள் பெண்கள் கேட்டிருப்பார்கள். கேட்கும் திறமை உள்ளவர்கள் அவர்கள்.

பீட்டாச் சிதைவை இதுவரை வில்லனாகவே காட்டிவிட்டேன். உலையை மனிதக் கைக்கு அடக்கித் தந்ததும் அதுவேதான். ஒவ்வொரு பிளவிலும் இரண்டு மூன்று நியூட்ரான்கள் தெறித்து அடுத்த பிளவுக்குப் போகின்றன. நீரால் குளிரும் உலையில் ஒரு தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் இடையே ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. தலைமுறைக்கு 0.1 சதவீதம் கூடுகிறது என்று வைத்தாலும், நொடிக்குப் பத்தாயிரம் தலைமுறை. ஒரே நொடியில் 22,000 மடங்காகிவிடும். எந்தத் தண்டை எந்த மோட்டார் அந்த வேகத்தில் இறக்க முடியும்? நல்லவேளையாக, யுரேனியம்-235இல் ஆயிரத்துக்கு ஆறேழு நியூட்ரான்கள் அப்போதே வருவதில்லை. பிளவில் பிறந்த புரோமின்-87 போன்ற துண்டுகள் முதலில் பீட்டாச் சிதைவு அடைய வேண்டும். அதன்பிறகே சில வேளைகளில் ஒரு நியூட்ரானை உதறும். புரோமின்-87க்கு அரை ஆயுட்காலம் 56 நொடியை ஒட்டியது. இந்த ஆறேழு பேரும் வந்து சேராமல் சங்கிலி முழுமையாகாதபடி உலையை ஓட்டினால், அதே 0.1 சதவீத ஏற்றத்துக்கு ஒரு நொடியில் கூடுவது ஒன்றே கால், ஒன்றரை சதவீதம்தான். மனிதன் பார்த்து, யோசித்து, கை நீட்டித் திருகுவதற்கு நேரம் கிடைக்கிறது. 1939இல் பிளவு அறியப்பட்ட சில மாதங்களிலேயே இந்தத் தாமதித்த நியூட்ரான்களையும் கண்டுபிடித்தார்கள். 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில் ஃபெர்மி முதல் உலையை நிதானமாக ஓட்டிக் காட்ட முடிந்தது இவற்றின் தயவால். 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபிலில் நடந்தது, இந்தத் தாமதத்துக்குக் காத்திராமல் உடனடி நியூட்ரான்களை மட்டுமே கொண்டு சங்கிலி ஓடத் தொடங்கிய விபத்து.

இதைப் படித்த அன்று கல்லூரியில் நான் இரவு முழுக்கத் தூங்கவில்லை. மெதுவாக நடக்கும் ஒரு சிதைவு உலகத்தின் வேகமான வினை ஒன்றுக்குக் கடிவாளமாக நிற்கிறது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். இந்த ஆச்சரியத்தைத்தான் பிள்ளைகளிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம்.

சிதைவும் பிளவும் உண்மையில் இரண்டு வேறு சாதிகளா என்று கேட்டால், ஒரு பகுதி ஒரே சாதி. கனமான கருவுக்குள் புரோட்டான்களின் தள்ளலுக்கும் அவற்றை ஒட்டிவைக்கும் விசைக்கும் ஓயாத மல்லுக்கட்டு. அதில் ஹீலியம் கரு அளவுக்கு ஒரு சின்னத் துண்டு கழன்று போனால் அது ஆல்பா. பாதிக்குப் பாதி பிய்ந்தால் பிளவு. நியூட்ரான் வந்து இடிக்காமல் தானாகவே பிளப்பதும் உண்டு. 1940இல் சோவியத் விஞ்ஞானிகள் ஃபிளியோரோவும் பெட்ரஷாக்கும், விண்வெளிக் கதிர்களின் தொந்தரவு இல்லாமல் இருக்க மாஸ்கோ சுரங்க ரயிலின் தினாமோ நிலையத்துக்குள் கருவிகளை இறக்கி இதை உறுதிசெய்தார்கள். ஒரு கிலோ யுரேனியம்-238இல் ஒரு நொடிக்கு 1.24 கோடி ஆல்பாச் சிதைவு நடக்கிறது. அதே நொடியில் தானாகப் பிளப்பவை ஏழு. பீட்டா இந்தக் குடும்பத்தில் சேராது. அது வேறு விசையின் வேலை. துண்டுகளின் கணக்கைச் சரிசெய்ய வருகிற வேறு ஆள்.

அந்த வேறு ஆள் இல்லையென்றால் தோரியமும் இல்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை எங்கள் கடற்கரைக்கு வாக்குக் கேட்டு வருகிறவர்கள், "உங்கள் மணலில் தோரியம் கிடக்கிறது, இந்தியாவுக்கே நூற்றாண்டுக் கணக்கில் மின்சாரம்" என்று பேசிவிட்டுப் போகிறார்கள். மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். அதில் தோரியம் இருப்பது உண்மை. தோரியம்-232 ஆல்பாச் சிதைவு அடையும், அதுவும் 1,400 கோடி ஆண்டில் பாதி என்கிற நிதானத்தில். ஆனால் அதை நேரடியாக உலையில் போட்டுப் பிளவுச் சங்கிலி நடத்த முடியாது. வேறொரு பிளவிலிருந்து வரும் நியூட்ரானை அது முதலில் வாங்க வேண்டும். தோரியம்-233 ஆகும். 22 நிமிட அரை ஆயுட்காலத்தில் ஒரு பீட்டா, புரோட்டாக்டினியம்-233 வரும். 27 நாள் அரை ஆயுட்காலத்தில் இன்னொரு பீட்டா, அதன்பிறகே பிளக்கத்தக்க யுரேனியம்-233. பிளவு சிதைவைப் பெற்றெடுக்கிறது என்றேன். இங்கே சிதைவு பிளவுக்கு எரிபொருளைப் பெற்றுத் தருகிறது. கல்பாக்கத்தில் 1996 அக்டோபரிலிருந்து இயங்கும் காமினி என்கிற 30 கிலோவாட் சிற்றுலை இந்த யுரேனியம்-233ஐக் கொண்டே ஓடுகிறது. உலகத்தில் அபூர்வமான உலை அது. எங்கள் மணலிலிருந்து அந்த உலை வரையுள்ள வழியில் இரண்டு பீட்டாச் சிதைவுகளும், முதல் நியூட்ரானைக் கொடுக்க வேறு ஓர் உலையும் நிற்கின்றன. கூடவே யுரேனியம்-232 என்கிற தொந்தரவும் பிறக்கிறது. அதன் வாரிசுகளில் ஒன்றான தாலியம்-208 மிகக் கடுமையான காமாவைக் கக்கும். இதையெல்லாம் தாண்ட முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. தாண்ட எத்தனை காலமும் காசும் ஆகும் என்று வாக்காளர் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

என் வீட்டுக் கதை ஒன்றும் இதோடு சேர்ந்தது. 2014இல் என் மனைவிக்குத் தைராய்டில் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அயோடின்-131 கொடுத்தார்கள். தனி அறையில் வைத்து, அளவு குறைந்ததைக் கருவியால் பார்த்த பிறகே வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் சில நாட்கள் எங்கள் பேத்தியைத் தூக்க வேண்டாம் என்றார்கள், மனைவி அதற்குத்தான் அழுதாள். மருத்துவர் சொன்ன நாட்கள் முடிந்த பிறகும் எங்கள் தெருவில் பழகிய ஒரு வீட்டார் வரவில்லை. "மதினி ஒடம்புல அணுவ வச்சிருக்காவளாம்" என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. பத்து ஆண்டு கொடுத்து வாங்கிய மோர்ச் செம்பு நாலு மாதம் எங்கள் வாசலைத் தாண்டி வரவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வீட்டு மகன் என்னிடம் படித்தவன். அயோடின்-131க்கு அரை ஆயுட்காலம் எட்டு நாள், எண்பது நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும், உடம்பிலிருந்து கழிந்து போவதையும் சேர்த்தால் அதற்கும் முன்பே என்று கணக்குப் போட அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். தேர்வுக்குப் போட்ட கணக்கு தெருவுக்கு வரவில்லை. செர்னோபிலில் பால் வழியாகக் குழந்தைகளின் தைராய்டுக்குப் போய்ச் சேர்ந்து புற்றை விதைத்ததும் இதே அயோடின்-131தான். உலைக்குள் பிளவில் பிறந்து வெளியே கொட்டிய அயோடின் அது. அளந்து கொடுத்தது என் மனைவியைக் காப்பாற்றியது. எவ்வளவு, எங்கே, எத்தனை நாள் என்ற மூன்று கேள்விகளைக் கேட்காமல் 'அணு' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு பயப்படுவதும் பெருமைப்படுவதும் மனிதர்களைத் தெருவில் நிறுத்திவிடுகின்றன.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் சிதைவு வெப்பத்துக்கும் தாமதித்த நியூட்ரானுக்கும் ஒரு பாடவேளை. பேரியத்திலிருந்து பிரசியோடிமியம் வரைக்கும் அந்த ஏணியைப் பிள்ளைகள் தம் கையால் ஒருமுறை எழுதட்டும். கூடங்குளத்தில் ஓர் அலகு நின்றால் 'இத்தனை மெகாவாட் உற்பத்தி பாதிப்பு' என்று மட்டும் செய்தி வருகிறது. நின்ற உலை இப்போது எவ்வளவு வெப்பத்தை விடுகிறது, எந்த ஏற்பாடு குளிர்விக்கிறது என்ற இரண்டு வரியும் தமிழில் வர வேண்டும். அதைக் கொடுக்க நிலையத்துக்கு எந்த ரகசியமும் தடையாக இல்லை. அவசரகால ஒத்திகைக்குக் கூப்பிடுகிறார்கள்; ஓடு, கதவைச் சாத்து, அயோடின் மாத்திரை போடு என்று சொல்கிறார்கள். எதற்காக அந்த மாத்திரை, எத்தனை நாளைக்கு அந்தக் கதவு என்று சொல்லாத ஒத்திகை மனிதர்களை மந்தையாக நினைக்கிற ஒத்திகை. எதிர்ப்பாளர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அணுகுண்டுப் படத்தைத் தட்டியில் வரைவதை விட்டுவிட்டு, பயன்படுத்திய எரிபொருள் கிடக்கும் குளத்தின் படத்தை வரையுங்கள். உங்கள் கேள்விக்கு விடை சொல்லாமல் யாரும் தப்ப முடியாது.

அந்தக் குளத்தைப் பற்றிக் கேட்டதும் அதே பையன்தான். போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தான். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலையில் பராமரிப்பு வேலை. கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறது. கரும்பைத் திண்ணையில் சாத்திவிட்டு உட்கார்ந்தவன், ஏதோ நேற்று விட்ட இடத்திலிருந்து பேசுகிற மாதிரி கேட்டான்.

"சார், நிறுத்துனா சூடு கொஞ்ச வருசத்துல அடங்கிரும். குளத்துக்குள்ள கெடக்கது எப்ப சார் அடங்கும்?"

காலண்டரின் பழைய தாளைக் கிழித்து அவன் கையிலேயே கொடுத்தேன். சீசியம்-137க்கு 30 ஆண்டு, ஸ்ட்ரான்சியம்-90க்கு 29 ஆண்டு என்று மட்டும் சொன்னேன். பாதி, அதில் பாதி, அதில் பாதி என்று பத்து முறை எழுதினான். ஆயிரத்தில் ஒரு பங்கு வர 300 ஆண்டு. புளூட்டோனியத்தைத் தனியாகப் போட வேண்டும் என்றேன். அதற்கு அரை ஆயுட்காலம் 24,000 ஆண்டு என்று சொன்னதும் பேனாவை எடுத்தவன் கீழே வைத்துவிட்டான். பிறகு அந்த 300ஐ மட்டும் எடுத்துக்கொண்டு இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினான்.

"கட்டபொம்மன் பொறக்கதுக்கு முன்ன வருது சார்" என்றான். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, உள்ளே என் மனைவியிடமிருந்த குழந்தையை வாங்கப் போனான்.